மாமனாரைத் தூங்கவைத்த வேகம்

மாமனார் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"என்ன மாமா, தூக்கம் வரலையா?" என்றார் மாப்பிள்ளை.

மாமனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போர்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அறையை விட்டுப் போய்விட்டார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவருடைய மத்தியானத் தூக்கம் கம்ப்யூட்டர் அறைச் சோபாவில்தான். அது இன்றைக்கு முறிந்தது.

மாப்பிள்ளையின் தொழில், இன்னும் கட்டாத வீடுகளுக்குள் ஆட்களை நடமாட விடுவது. கட்டுமானக்காரர்கள் வரைபடம் தருவார்கள். இவர் கம்ப்யூட்டரிலேயே சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, திரைச்சீலையைக் காற்றில் ஆடவிட்டுப் படமாக ஓட்டிக் காட்டுவார். யாரும் குடியேறாத அந்த அறைகளில் எப்போதும் சாயங்கால வெயில். ஒரு நிமிஷப் படம் உருவாக ஏகப்பட்ட நேரம் பிடிக்கும் என்பதால், ப்ராசஸரையும் மெமரியையும் கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேலே விரட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். மனைவி இதற்கு வைத்திருந்த பெயர் பைத்தியம்.

மெமரி எத்தனை வோல்ட் தாங்கும் என்று அவர் ஆரம்பித்தால் மனைவிக்குத் துணி துவைக்கிற ஞாபகம் வந்துவிடும். நண்பர்களுக்குப் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். கேட்கிற ஒரே ஜீவன் மாமனார்தான். சோபாவில் மல்லாந்து படுத்து, காலை மேஜைப் பக்கம் நீட்டிக்கொண்டு, மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் "சரிதான்" என்பார். அப்படியே மெல்லத் தூங்கிப்போவார். மேஜையடியில் கம்ப்யூட்டர் பெட்டி ரீங்காரமிடும், மழை ஜன்னல் கண்ணாடியில் வழியும், கட்டாத வீடுகளில் திரைச்சீலை ஆடும். விழித்திருப்பது யார், கனவு காண்பது யார் என்றே தெரியாத அந்த மத்தியானங்களைவிடப் பெரிய சுகம் மாப்பிள்ளைக்குக் கிடையாது.

அதில் மண்ணைப் போட்டதும் அவரேதான். மதர்போர்டுக்குப் புது ஃபர்ம்வேர், அதாவது பெட்டியை எழுப்பி ஓடவைக்கிற மென்பொருள், வந்திருப்பதாக முந்தின நாள் திரையில் ஒரு செய்தி. 'நிலைத்தன்மை கூட்டப்பட்டுள்ளது' என்று போட்டிருந்தது. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஏற்றினார். அதுவோ, அவர் பொத்திப் பொத்தி வளர்த்த வேகக் கணக்கையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு, கம்பெனி வேகத்தில் சாதுவாக உட்கார்ந்துகொண்டது. ஃபேன் சுற்றுகிற சத்தம்கூட இல்லை.

மாமனாரைத் தேடிப் போனார். அவர் சமையலறையில் அடுப்பை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து, காது மிஷினைச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் மாமியார் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தார்.

"என் மேல கோபமா மாமா?"

"சேச்சே! அங்கே முன்ன மாதிரி இல்ல மாப்பிள்ளை. உங்க பெட்டி என்னமோ சோர்ந்துபோச்சு."

மாப்பிள்ளைக்கு மெய்சிலிர்த்தது. கட்டின மனைவியே கண்டுபிடிக்காததை இவர் கண்டுபிடித்துவிட்டாரே! காரணமும் மாப்பிள்ளைக்குப் பிடிபட்டுவிட்டது. மாமனார் ஆயுசெல்லாம் ரயில் இன்ஜின் ஓட்டியவர். இரைச்சல்தான் அவருக்குத் தாலாட்டு. பெட்டி அமைதியானதும், பாத்திரச் சத்தத்தையாவது கேட்கலாம் என்று இங்கே வந்திருக்கிறார், பாவம்.

அன்றைக்கே பழைய வேகக் கணக்கைப் புது ஃபர்ம்வேரில் எழுதிப் பார்த்தார். அந்த மெமரி வேகம் அதற்குப் பிடிக்கவில்லை. திரை இருண்டது. பெட்டி மூன்று தரம் கூவிவிட்டு மூர்ச்சையானது. மதர்போர்டில் இருந்த பொட்டளவு பேட்டரியைக் கழற்றி மாட்டி உயிர் கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் வேறு வழி கண்டுபிடித்தார். வேகம் இல்லாவிட்டால் என்ன, சத்தம் வந்தால் போதாதா? எல்லா ஃபேன்களையும் முழு மூச்சில் சுழலவிட்டு மாமனாரை அழைத்துவந்தார்.

மாமனார் ஆசையோடு காலை நீட்டினார். உடனே மடக்கினார். போர்வையைக் கால்விரலிலிருந்து கழுத்துவரை சுற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோலத்திலேயே எழுந்து போய், கம்பளிச் சாக்ஸைத் தேடி அலமாரியைக் கவிழ்த்தார்.

"தப்பு என்னோடதுதான்," என்று மாப்பிள்ளை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இது நிக்கிற இன்ஜினோட சத்தம். அவருக்கு ஓடற இன்ஜின் வேணும்."

அதற்கடுத்த மத்தியானம் ரயில் ஓடுகிற சத்தத்தை எங்கிருந்தோ எடுத்து, மாமனாரின் தலைமாட்டில் ஸ்பீக்கர் வைத்து ஓடவிட்டார். மாமனார் கூரையைப் பார்த்தபடி கண் இமைக்காமல் கிடந்தார். எந்தப் பழைய பயணத்தில் இருக்கிறாரோ என்று மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது.

கதவைத் தள்ளிக்கொண்டு மனைவி வந்தாள். "என்னங்க, வீட்டுக்குள்ள ரயில் விடறீங்களா? ஆபீஸுக்குப் போன்ல பேசிட்டிருக்கேன், எந்த ஸ்டேஷன்ல இருக்கேன்னு கேக்கறாங்க!"

"உங்கப்பாவுக்காகத்தான்மா."

"அவரா கேட்டார்?"

திரும்பிப் பார்த்தால் சோபாவில் ஆளில்லை.

அன்று மாப்பிள்ளை வேலையே செய்யவில்லை. அரைகுறையாக நின்ற படத்தில், யாரும் வராத ஒரு கூடத்தில் வெயில் விழுந்து கிடந்தது. தன் பேச்சைக் கேட்க இனி யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் துணிந்துவிட்டார். பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பிப் போவது. நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டு குப்பைக்குத்தான் என்று திரை பயமுறுத்தியது. வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு திரையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே விளக்கு ஒரு தரம் மங்கியது.

"அயர்ன் பாக்ஸை யார் போட்டது? எடு! எடு!"

"எடுத்தா நாளைக்குக் கசங்கின சட்டைதான்!" என்றாள் மனைவி அடுத்த அறையிலிருந்து.

"கோணி கட்டிக்கிட்டுப் போறேன், முதல்ல எடு!"

கோடு ஒருவழியாகக் கரை சேர்ந்தது. பழைய வேகம் வந்தது. ப்ராசஸர் பறந்தது, மெமரி பின்னாலேயே ஓடியது, பெட்டி அந்தப் பழைய ராகத்தை எடுத்தது. மாப்பிள்ளை சமையலறைக்கு ஓடினார்.

"மாமா, வாங்க! சரியாயிடுச்சு!"

மாமனார் சந்தேகத்தோடுதான் வந்து படுத்தார். காலை நீட்டினார். முகம் மலர்ந்தது.

"ஆ... இப்பத்தான்!"

மாப்பிள்ளை நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு, நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். "வேகம் முக்கியம்தான் மாமா, ஆனா நம்மளப் புரிஞ்சுக்கிற மனுஷன் அதைவிட முக்கியம்."

"சரிதான்," என்று கண்ணை மூடினார் மாமனார். குறட்டை மெல்லப் புறப்பட்டது. ஜன்னலில் மழை வழிந்தது, திரையில் யாரோ ஒருவருடைய வருங்கால வீடு மிதந்தது.

ஒரு சின்ன டப்பாவோடு மாமியார் ஓசைப்படாமல் வந்து அதை மேஜைமேல் வைத்தார்.

"பாத்தீங்களா அத்தை," என்றார் மாப்பிள்ளை பெருமையோடு. "பழைய சத்தம் வந்ததும் எப்படித் தூங்கறார்! என் பேச்சையும் ஒரு வார்த்தை விடாம கேட்டார்."

மாமியார் டப்பாவைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"சத்தமா? காது மிஷினைக் கழட்டி என்கிட்ட கொடுத்துட்டுத்தானே மாப்பிள்ளை தினமும் படுக்க வருவார்! உங்க பெட்டிக்குப் பின்னாடி காலை நீட்டினா கதகதன்னு இருக்குதாம்."