இணைப்பு: ஒன்று

அன்புள்ள அக்கா மகளுக்கு, உன் தாய்மாமனும் இன்று முதல் இந்த மாவட்டத்தின் இணைய விடுதலை வீரனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், தெருமுனைக் கம்பமும் நலம். உன் நலத்தை இனி முகம் பார்த்தே கேட்டுக்கொள்வோம். ஆமாம் மருமகளே, நம் வீட்டுக்கு இணையம் வந்துவிட்டது! பெட்டியைக் கட்டு.

"வீட்டில் நல்ல இணையம் இருந்தால் அங்கிருந்தே வேலை பார்க்கலாம்" என்று உன் ஆபீஸ் சொன்ன நாளிலிருந்து, விடுதி அறையில் நீ அழ, சமையலறையில் உன் அம்மா அழ, நடுவில் நான் தொப்பலாக நனைந்தது உனக்குத் தெரியும். இணையக் கம்பெனிக்காரனோ தெருமுனையில் ஒரு கம்பத்தை நட்டு, கேபிளைச் சுருட்டி அதற்கு மாலையாகப் போட்டுவிட்டுப் போனவன்தான். அரசாங்க மானியம் கம்பத்துக்கும் கேபிளுக்கும். அது வீட்டுக்குள் வந்ததா என்று கேட்பாரில்லை. தையல்காரர் அதில் சட்டை காயப்போட்டதோடு நம் ஊர் இணையப் புரட்சி முடிந்தது. பொங்கி எழுந்து மாவட்ட மானியப் பிரிவுக்கு மனு எழுதினேன். கல் படித்திருந்தால் கரைந்து ஓடியிருக்கும். கம்பத்தைப் போட்டோ எடுத்துச் சேர்த்து, முறைப்படி அடியில் 'இணைப்பு: ஒன்று' என்று போட்டேன். வந்ததே பதில்: "தங்கள் ஊர் இணைப்புப் பெற்றதறிந்து மகிழ்ச்சி." அதை வைத்தே கம்பெனிக்கு மிச்ச மானியமும் போய்விட்டதாம்! நேரில் போய் நான் போட்ட சத்தத்தில் மின்விசிறி எதிர்த்திசையில் சுற்றியது.

"நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க, இணைப்பு ஒண்ணுன்னு?" என்றார் மானியப் பிரிவு அதிகாரியம்மா.

"அது போட்டோம்மா! மனுவோட வெச்ச போட்டோ!"

அம்மையார் மனுக்கட்டை இழுத்தார். "அப்போ மத்த ஊர்லேர்ந்து வந்ததெல்லாம்?"

"அதுவும் போட்டோவாத்தான் இருக்கும்."

புரட்டிப் பார்த்தால், போட்டோ வைத்துப் புகார் சொன்ன ஊரெல்லாம் இணையம் பெற்ற ஊர்! பக்கத்து ஊர் வாத்தியார் கோபத்தில் கட்டுக்கட்டாகப் போட்டோ வைத்ததில், அவர் ஊர் முன்மாதிரி இணைய கிராமமாகப் பாராட்டே வாங்கியிருக்கிறது.

"என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க சார்."

விடுவேனா? "கம்பத்துக்குக் குடுக்காதீங்கம்மா. 'நெட் வருது'ன்னு வீட்டுக்காரங்க மாசாமாசம் சொன்னாத்தான் மானியம். சொல்லலேன்னா கிடையாது!"

நல்ல மனுஷி. மேலிடத்தோடு மல்லுக்கட்டி விதியையே மாற்றிவிட்டார். மாற்றினார்களோ இல்லையோ, கேபிள் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு நுழைந்தது. இப்போது எந்த வீட்டிலாவது நெட் லேசாக இருமினாலும் மெக்கானிக் மூச்சிரைக்க ஓடி வருகிறார். "டேய் தம்பி, உருப்படியா ஒண்ணு பண்ணிட்டியேடா" என்று உன் அம்மாவே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். இதற்கு மேல் எனக்குச் சிலை எதற்கு?

நீ வரும் வழியெல்லாம் பச்சை விளக்கே எரிய வாழ்த்தும்,
உன் மாமன்.

பி.கு.: அவசரப்பட்டு விடுதி அறையைக் காலி செய்துவிடாதே. நெட் நின்றால் மானியமும் நின்றுவிடுமே என்ற பயத்தில், கம்பெனி அந்த மெக்கானிக்கை நம் ஊரிலேயே குடிவைத்துவிட்டது. உன் அம்மா அவருக்கு வாடகைக்கு விட்டிருப்பது உன் அறையை. கேட்டால், "அவளத்தான் இனிமே தினமும் போன்லயே பாத்துக்கலாமே, வந்து வேற பாக்கணுமா?" என்கிறாள்.