பனி நாட்டில் ஏறிய மூன்றாம் எண் கூண்டு

பனி நாட்டு விமானக் கம்பெனி முதலாளி ஐயா அவர்களுக்கு,

காத்திவாக்கம் குப்பத்திலிருந்து, உங்களிடம் வேலை பார்க்கும் வினிதாவின் அப்பா ரகுபதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்கள் குடும்பமும் விமானங்களும் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு உங்கள் பாஷை தெரியாது, உங்களுக்குத் தமிழ் தெரியாது. உங்கள் கம்பெனியில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் என் மகள் ஒருத்திதான். ஆகவே அவளை வேலையை விட்டு நீக்குமுன், இந்தக் கடிதத்தைப் படித்துச் சொல்ல அவளையே கூப்பிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வேலைக்கு எடுக்கும்போது, "வடக்கே ஒதுங்கிக் கிடக்கும் ஊர்களைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டீர்களாம். "அப்படி ஓர் ஊரில்தான் குடியிருக்கிறேன்" என்றாளாம். பொய்யில்லை ஐயா. சென்ட்ரலில் நின்று காத்திவாக்கம் என்று சொன்னால், "அவ்ளோ தூரம் வண்டி வராது, வேற ஆளப் பாரு நைனா" என்று ஆட்டோ பறந்துவிடும். நீங்களோ இருபது வீடு உள்ள பனிக்காட்டுக்கும் விமானம் விடுகிறீர்கள். என் மரியாதை அன்றே உங்களுக்குச் சேர்ந்துவிட்டது.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் வீட்டிலிருந்தபடி ஹெட்போன் மாட்டி, பைலட்டுகளுக்கு வானிலை சொல்லும் உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் தண்ணி லாரி வந்துவிட்டது. எங்கள் தெருவில் தண்ணி லாரி வந்தால் பாடை தூக்குகிறவர்கள்கூட இறக்கி வைத்துவிட்டுக் குடத்தோடு ஓடுவார்கள். என் மனைவி கோவிந்தம்மா வெளியிலிருந்து, "இன்னாடி பண்ணிகினு கீற? எதிர் வூட்டுக்காரி பைப்பப் புட்ச்சிக்கினா!" என்று கத்த, வினிதா, "நைனா, லைன்ல பைலட்டு கீறாரு. வாயத் தொறக்காத, சும்மா புட்ச்சிகினு இரு" என்று ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு ஓடினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் பேசினார். எனக்குப் புரிந்தது "வெதர்" என்ற ஒரே சொல். நீங்களே சொல்லுங்கள் ஐயா, கிளம்பப் போகிற ஒருவன் காற்று எப்படி என்று கேட்கும்போது சும்மா இருந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? அன்று வங்கக் கடலில் புயல் சின்னம், எண்ணூர் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள். கூண்டு என்பது கம்பத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கை. அது ஏறினால் எங்கள் படகு ஒன்றும் கரையை விட்டு நகராது. ஆகவே, "நோ கோ! கூண்டு! நம்பர் த்ரீ!" என்றேன். "கூண்டு?" என்றார். "யெஸ் கூண்டு. ஆல் போட் கம் பேக்" என்றேன். மிகுந்த பணிவோடு நன்றி சொல்லி வைத்தார். நல்ல பிள்ளை.

அந்த நல்ல பிள்ளை மற்ற எல்லாப் பைலட்டுக்கும் சொல்லிவிடும் என்று நான் கண்டேனா? வடக்கு முழுக்க விமானங்களைப் பனியில் படகு மாதிரிக் கட்டிப்போட்டுவிட்டார்களாம். ஓர் ஊரில் மணப்பெண் காத்திருக்க, இன்னோர் ஊரில் மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருக்கிறாராம். யாரோ கூண்டு என்பவர்தான் தடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவர் பெண்ணின் பழைய காதலரோ என மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கிறார்களாம்.

மறுநாள் வினிதாவின் மேலாளர், தமிழ் பேச மட்டும் தெரிந்த மலையாளி ஷிபின் போன் செய்தார். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் நான்தான் எடுத்தேன். "சேட்டா, அந்தக் கூண்டு எப்ப எறங்கும்? அங்க வானம் பளிச்னு இருக்கு. ஆனா கூண்டு எறங்காம வண்டிய எடுக்க மாட்டோம்னு பைலட்டுங்க ஒத்தக் கால்ல நிக்கிறாங்க" என்றார். டிவியைப் பார்த்தேன். "இன்னும் எறக்கல தம்பி. அஞ்சாக்கூட ஆவும்" என்றேன். உள்ளதைத்தானே சொல்ல முடியும்?

"பொண்ணு சோத்துல மண்ணள்ளிப் போட்டியே, உன்னியத் தூக்கி அந்தக் கூண்டுக்குள்ள போட்டு ஏத்தணும்!" என்கிறாள் கோவிந்தம்மா. வினிதா என்னைத் திட்டவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். நாளை வீடியோவில் விசாரணையாம். குற்றம் முழுவதும் என்னுடையது ஐயா. இனி அந்த ஹெட்போனை என் ஆயுசில் தொட மாட்டேன். கூண்டு என்ற சொல் இந்த வீட்டில் என் வாயிலிருந்து வராது. அது எந்தப் பெண்ணையும் ஏறெடுத்துப் பார்க்காத வெறும் கம்பத்துச் சாமான் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லிவிடவும்.

உங்கள் விமானங்கள் போன இடத்திலிருந்தெல்லாம் இறக்கை நோகாமல் வீடு திரும்ப எங்கள் கங்கையம்மனை வேண்டிக்கொள்ளும்,
ரகுபதி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. வேலை போகவில்லை. விமானமே கிளம்பாததால் தாமதம் என்றோ பெட்டி தொலைந்தது என்றோ ஒரு புகாரும் வரவில்லையாம், கம்பெனி தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு நிம்மதியை நீங்கள் கண்டதில்லையாம். இனித் தினமும் காலையில் கூண்டு நம்பரை நானே சொல்ல வேண்டும் என்று நீங்களே உத்தரவு போட்டீர்களாம். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும். ஹெட்போன் இப்போது என் தலையில்தான் இருக்கிறது. இன்று ஒன்றாம் எண். முதலில் மாப்பிள்ளையை ஏற்றவும். விமானத்தை எடுக்கலாம், ஆனால் கரையோரமாகவே ஓட்டச் சொல்லவும்.