எழுபத்திரண்டு பெர்த் போர்வை

பழந்துணியை மடக்கி டிக்கெட் கேட்ட ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் தெரு டி.டி.ஆர்.தான். இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது நிரூபித்தால் நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

சூரமங்கலத்தில் ரயில் சத்தத்தைக் கேட்டுக் குக்கரை இறக்கி வைக்கிற தெரு எங்களுடையது. அவருக்கும் ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. முப்பத்தைந்து வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்துவிட்டு ஓய்வுபெற்றார். மறுநாள் காலையே வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எங்களுக்கு ஏழரை பிடித்தது.

"ஏனுங்க அம்மணி, எங்க பொறப்பட்டாச்சு?"

"கடைக்குங்கண்ணா."

"எப்பத் திரும்பி வாரீங்க?"

"வாங்குனதும் வாரேங்கண்ணா."

"வாங்குனதும்னா எப்படீங்க? மணி சொல்லோணும்."

கொத்தமல்லிக் கட்டு வாங்கப் போகிற எனக்குப் புறப்படும் நேரம், சேரும் நேரம் எல்லாம் குறித்த ஒரே ஆள் இவர். தாமதமாக வந்தால் காரணமும் சொல்ல வேண்டும். அவர் மனைவி கனகத்தக்கா என்னிடம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "முப்பத்தஞ்சு வருசமா ஊட்ல ஆளில்லாம நிம்மதியா இருந்தேன் கண்ணு. இப்ப சாம்பார்ல முருங்கக்கா எத்தனை மிதக்குதுன்னு எண்ணறாரு!"

சிரிப்பது இருக்கட்டும். அந்த வீட்டில் ஒரு முள்ளும் இருந்தது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவர்களுக்கு ஒரே மகள், தேன்மொழி. ஐந்து வருடத்துக்கு முன்பு இங்கேயே ஒரு மண்டபத்தில் அவளுக்குக் கல்யாணம். முந்தின நாள், கூட வேலை பார்த்தவரின் தாயாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று, அவருடைய டூட்டியை இவர் வாங்கிக்கொண்டு வண்டியேறிவிட்டார். விடிகாலை நாலரைக்குத் திரும்பிவிடலாம், முகூர்த்தம் ஏழரைக்குத்தானே என்று நினைப்பு. ரயில் சொன்ன நேரத்துக்கு வரும் என்று நம்பிய ரயில்வேக்காரர் சரித்திரத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். மழையில் தண்டவாளத்தின் மேல் மரம் விழுந்து கிடந்தது. அவர் கறுப்புக் கோட்டோடு மண்டபத்துக்குள் ஓடிவந்தபோது மணி பதினொன்று. கடைசிப் பந்தியின் இலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் தாரை வார்த்து, பெண் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து அவள் அப்பாவோடு பேசவில்லை. அமெரிக்காவில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் இருந்தது அயோத்தியாப்பட்டணத்தில். இங்கிருந்து டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம்.

போன வருடம் தேன்மொழி உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? கனகத்தக்கா ஆசையோடு போன் போட்டார். போட்டவர், ஸ்பீக்கர் ஓடுவதைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதருக்கு மகளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நான் வரலம்மா. நான் பொறந்தப்ப டூட்டி, காது குத்துனப்ப டூட்டி, கல்யாணத்தன்னிக்கும் டூட்டி. அவருக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்? இப்ப மட்டும் தாத்தான்னு கூப்புடோணுமா?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். சண்டை போடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அதுதான் கனகத்தக்காவுக்குப் பயமாகப் போய்விட்டது. பயம் வந்தால் அக்கா அலமாரியைச் சுத்தம் செய்வார். மகளின் பழைய துணிகளை மூட்டையாகக் கட்டி, தெருவில் வந்த பாத்திரக்காரம்மாவைக் கூப்பிட்டார். பேரம் ஒரு மணி நேரம் நடந்து, ஒரு மூட்டைத் துணிக்கு ஒரு எவர்சில்வர் போசி என்று முடிந்த நேரத்தில், டி.டி.ஆர். எழுந்து வந்து மேலே கிடந்த ஒரு மஞ்சள் கவுனை எடுத்தார்.

"இது எப்பப் போட்டது?"

"அம்மை எறங்கி மொதத் தண்ணி ஊத்துனப்ப. நீங்க மெட்ராஸ் வண்டில இருந்தீங்க."

"இந்தப் பச்சைப் பாவாடை?"

"ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சு, கப்பத் தூக்கிட்டு நேரா உங்களக் காட்டறதுக்கு ஜங்ஷனுக்கே ஓடிட்டா. நீங்க அங்கயும் இல்ல."

மூட்டை முழுக்கப் பிரித்தாயிற்று. ஒவ்வொரு துணிக்கும் ஒரு கதை இருந்தது, எந்தக் கதையிலும் அவர் இல்லை. அவர் போசியை எடுத்துப் பாத்திரக்காரம்மாவின் கூடையிலேயே திருப்பி வைத்துவிட்டார். "என்னய்யா ஊடு இது!" என்று அந்தம்மா திட்டிய திட்டு ஜங்ஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்றைக்குச் சாயங்காலமே ஊசி, நூல் வாங்கி வந்தார். மகளுக்கும் பிறக்கப்போகிற குழந்தைக்கும் ஒட்டுப்போர்வை தைக்கப்போகிறாராம். அடியில் அக்காவின் நாலு நூல் சேலைகளை அடுக்கிக்கொண்டார். மேலே மகளின் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்து ஓட்டுத் தையல். சாதாரண மனிதர் இதோடு நிறுத்தியிருப்பார். இவர் ஒரு சாக்பீஸை எடுத்து வரிசைக்கு எட்டு, ஒன்பது வரிசை என்று கட்டம் போட்டார். மொத்தம் எழுபத்திரண்டு. ஸ்லீப்பர் கோச்!

"புதுக் கோச்சுல எண்பது இருக்குதாமே?" என்றேன், சும்மா இருக்காமல்.

"அது புதுக் கோச்சுங்க. நான் ஓடுனது எழுபத்திரண்டு" என்றார். அப்பீலே கிடையாது.

ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு பெர்த் நம்பர், நூலில் தைத்தது. கூடவே ஒரு நோட்டு. நம்பருக்கு நேரே அந்தத் துணியின் கதை. வீட்டில் தேறியது நாற்பத்தொன்றுதான். பாக்கி முப்பத்தொரு பெர்த்துக்குத் தெருவில் இறங்கினார். விதியையும் அறிவித்தார்: துணிக்கும் தேன்மொழிக்கும் நடுவில் ஒரு சம்பவம் இருக்க வேண்டும். அவர் டூட்டியில் இருந்தபோது நடந்ததாக இருக்க வேண்டும். கதையில்லாத துணி வித்தவுட்!

இதில் என்ன வேடிக்கை என்றால், தெருவே இடம் கேட்டு அலைந்தது. முறுக்கு கொடுத்துப் பார்த்தார்கள், தெரிந்தவர் பெயரைச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் வாசல் கதவில் சார்ட் ஒட்டினார். கன்ஃபர்ம் ஆனவர்கள், வெயிட்டிங் லிஸ்டில் இருப்பவர்கள். காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் எல்லாம் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனோம். வெட்கம்கெட்ட ஜனம்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் ஒரு வெள்ளை அங்கியைக் கொண்டுவந்தார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேன்மொழிக்கு டீச்சர் போட்டுவிட்ட தேவதூதர் வேஷம். மேய்ப்பர்களுக்கு நற்செய்தி சொல்ல வேண்டியவள், தொட்டிலில் இருந்த குழந்தை இயேசுவைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தானே அதில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாளாம். டி.டி.ஆர். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "மூணாம் நம்பர். அப்பர் பெர்த். தேவதூதர் மேலதானுங்களே இருக்கோணும்" என்றார்.

இஸ்திரிக் கடை முருகேசன் கொண்டுவந்தது பாதி பொசுங்கிய துப்பட்டா.

"நாந்தாங்க பொசுக்குனது. கரி அதிகமாப் போச்சு. அம்மா திட்டுவாங்கன்னு பாப்பா பழியைத் தன் மேல போட்டுக்கிட்டுது. இத்தனை வருசமா மனசு உறுத்திட்டே இருந்துதுங்க."

"உண்மையச் சொன்னதால ஆர்.ஏ.சி. தாரேன். பாதி எரிஞ்சதுக்குப் பாதி பெர்த்துதான்" என்றார். ஏழாம் நம்பர் சைடு லோயரில் இன்னொரு அரைத்துண்டோடு முருகேசனின் துப்பட்டா உட்கார்ந்தது.

அடுத்து நான். எனக்கும் சார்ட்டில் பெயர் வரவேண்டும் என்று ஆசை இருக்காதா? ஒரு பழைய தலையணை உறையை எடுத்துக்கொண்டு போய், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்குத் தேன்மொழி இதில் முகம் புதைத்து அழுதாள் என்று ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். எழுதுகிறவள் இல்லையா, கொஞ்சம் மழையும் சேர்த்துக்கொண்டேன்.

முழுதும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மணி, கதை நல்லா இருக்குதுங்க. ஆனா அப்ப நீங்க இந்தத் தெருவுக்கே குடி வல்லீங்களே?"

பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. விழுங்கியிருக்கலாம்.

"வித்தவுட்ல புடிச்சா ஃபைன் உண்டுங்க. நிசமா நடந்தது ஒண்ணு சொல்லோணும்."

உண்மையான கதை ஒன்று என்னிடம் இருந்தது. நாலு வருடமாக யாரிடமும் அதைச் சொன்னதில்லை. வீட்டுக்குப் போய், கல்யாணத்தன்றைக்கு நான் கட்டியிருந்த சந்தன நிறச் சேலையை எடுத்து வந்தேன். முந்தானையில் கறுப்பாக ஒரு தீற்றல். துவைத்துத் துவைத்துப் பார்த்தும் போகாத கண்மை.

"மணவறைக்குப் பக்கத்துல நாந்தாங்கண்ணா நின்னுட்டிருந்தேன். அவ வாசலையே பாத்துட்டிருந்தா. 'அக்கா, அப்பா வண்டி எத்தனை மணிக்குக்கா?'ன்னு கேட்டுட்டே இருந்தா. பதினோரு தடவை கேட்டா. எண்ணுனேன். தாலி கட்டற நேரத்துல கண்ணுல தண்ணி வந்துருச்சு. என் முந்தானையிலதான் தொடச்சா."

அவர் நோட்டில் எழுதவில்லை. சேலையை வாங்கி அந்தக் கறையைக் கட்டைவிரலால் தடவினார். இவ்வளவு நாளும் மகள் தன்னை வெறுக்கிறாள் என்றே அவர் நினைத்திருந்தார். அவள் காத்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. நானும் ஒரு முட்டாள், முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்க வேண்டும். பிறகு, "ஒண்ணாம் நம்பர் பெர்த்துங்க அம்மணி" என்று மட்டும் சொன்னார். கறையை விட்டு வெட்டாமல், கறை நடுவில் வரும்படி வெட்டினார்.

தையலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்தக் கைக்கு டிக்கெட்டில் கிறுக்கத் தெரியும், ஊசி தெரியாது. ஒரு நாள் மதியம் ஸ்டெல்லா டீச்சர் கதவைத் தட்ட, கட்டிலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவர் விறுக்கென்று எழுந்தார். கோச்சும் கூடவே எழுந்தது. கட்டியிருந்த கைலியையும் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார்! எழுபத்திரண்டு பெர்த்தையும் பின்னால் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவரைப் பார்த்து டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். கனகத்தக்கா கத்தரிக்கோலோடு ஓடிவந்து பெட்டியைக் கழற்றிவிட்டார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு, அயோத்தியாப்பட்டணத்தில் மாப்பிள்ளை வீட்டில். அது முடிந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். மாப்பிள்ளை தங்கமான பையன், மாமனாரையும் முறைப்படி அழைத்திருந்தார். தேன்மொழி அம்மாவிடம் சொன்னது ஒரே வார்த்தை: "வரட்டும். வந்தாலும் நேரத்துக்கா வரப்போறாரு?"

விசேஷம் பத்தரைக்கு. நானும் கனகத்தக்காவும் ஒன்பதரைக்கு ஆட்டோவில் போய் இறங்கினோம். டி.டி.ஆர். எங்களோடு வரவில்லை. எழுந்து பார்த்தபோதே ஆளைக் காணோம், போர்வைப் பையையும் காணோம் என்று அக்கா வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். பார்த்தால், வீட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார்!

"ஏனுங்கண்ணா, எப்ப வந்தீங்க?"

"ஆறு மணிக்கு. மொத பஸ்ஸு. ரயில்ல வல்லீங்க, இனி அத நம்பறதா இல்ல."

"அப்பறம் உள்ள போகாம இங்க என்ன பண்றீங்க?"

"பயமா இருக்குதுங்க அம்மணி" என்றார். எத்தனையோ முரடர்களை வண்டியிலிருந்து இறக்கிவிட்டவர், சின்னப் பையனைப்போலச் சொன்னார். ஒரு கையை அக்காவும் ஒரு கையை நானும் பிடித்து இழுத்துக்கொண்டுதான் உள்ளே போனோம்.

தேன்மொழி மனையில் உட்கார்ந்திருந்தாள். அவர் பையிலிருந்து போர்வையை எடுத்து அவள் மடியில் வைத்தார். பேசுவதற்கு என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தார், எனக்குத் தெரியும், என்னிடம்தான் ஒப்பித்துப் பார்த்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு நோட்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை. போர்வையைத்தான் பார்த்தாள். மஞ்சள் கவுன், பச்சைப் பாவாடை, அங்கி, துப்பட்டா. விரல் ஒன்றாம் நம்பருக்கு வந்து நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களாக்கா?"

"சொல்லிட்டேன் கண்ணு."

தேன்மொழி அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"காத்தால ஆறு மணில இருந்து அந்தக் கடையில ஒக்காந்திருக்கீங்களே, எத்தனை டீ குடிச்சீங்க?"

நாலு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் கேள்வி. அவர் திணறிப்போனார். "ஏழு சாமி."

"சக்கரை போட்டா?"

அவர் தலையாட்டினார்.

"சுகர வெச்சுக்கிட்டு ஏழு டீ! கேக்க ஆளில்லைன்னு நெனப்பா? அம்மா, இவர மொதல்ல ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகோணும். நான் துணியெல்லாம் கட்டி வெச்சுட்டேன்."

"எப்பக் கட்டுன?" என்றார் கனகத்தக்கா.

"ஆறு மணிக்கே. மாடில இருந்து பாத்தேன்."

கனகத்தக்கா அழுதார், நான் அழுதேன், சம்பந்தமே இல்லாமல் வளையல்காரரும் அழுதார். திட்டு வாங்கிக்கொண்டு நின்ற மனிதர் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தேன்மொழிக்குப் பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் வலி எடுத்ததிலிருந்து அவர் நாற்காலியை விட்டு நகரவில்லை. ஒரு நர்ஸ் சலித்துக்கொண்டு, "பெரியவரே, உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றதற்கு, "இல்லீங்க" என்று பெருமையாகச் சொன்னாராம்.

இப்போது இரண்டாவது போர்வை ஆரம்பித்துவிட்டார். துணி கேட்டுத் தெருவில் இறங்குவதில்லை, யாரிடமும் கதை கேட்பதுமில்லை. நேற்று என்னைக் கூப்பிட்டு முதல் சதுரத்தைக் காட்டினார். அவருடைய சொந்தச் சட்டை. ஆஸ்பத்திரியில் குழந்தையை முதன்முதலில் கையில் வாங்கியபோது போட்டிருந்தது. பேத்தி அதை நனைத்துவிட்டிருக்கிறாள்.

"யாரும் சொன்ன கதை இல்லீங்க அம்மணி. நான் கண்ணால பாத்தது" என்றார்.

அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் கொத்தமல்லிக் கட்டு வாங்க இன்னும் இருபது வருடம் அவர் வாசல் வழியாகத்தான் போவேன்.