ரஞ்சிதம் அத்தையின் வயதைப் பெருக்கிய கதை

புது மாப்பிள்ளை மாமனார் வீட்டில் செய்யக் கூடாத காரியங்கள் நிறைய உண்டு. லேப்டாப்பைத் திறப்பதுதான் அவற்றில் ஆபத்தானது என்பதை நான் விருந்துக்குப் போன முதல் தடவையே கண்டுபிடித்துவிட்டேன்.

மாமனார் வீடு செய்யூர் பக்கம். அன்று வீட்டில் ஆறு பேர் இருந்தோம். மாமனார், மாமியார், மனைவி சுமதி, அவள் தம்பி தினேஷ், நான், சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்திருந்த ரஞ்சிதம் அத்தை. அத்தை மாமனாரின் தங்கை. அங்கே நாஸ்தா கடை வைத்திருப்பவர். வரும்போதே எனக்காக ஒரு தூக்கு நிறைய மீன் குழம்பு கொண்டு வந்திருந்தார். (அந்தக் குழம்பின் ருசியை நினைத்தால் இன்றும் எனக்குக் குற்ற உணர்ச்சிதான் வரும்.)

சாப்பாடு முடிந்து எல்லோரும் காலை நீட்டியிருந்த நேரத்தில் தினேஷ் வந்தான். செங்கல்பட்டில் எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, ஒரு அசைன்மெண்ட். கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்."

சில எண்களைக் கொடுக்க வேண்டும். அவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் விடை பிளஸ்ஸா, மைனஸ்ஸா, சைபரா என்று புரோகிராம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"இதுக்கா இவ்ளோ யோசிக்கிற? எல்லாத்தையும் பெருக்கு, வர்றதப் பாரு, சொல்லு" என்று வீட்டுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, விரல்கள் பறக்கத் தட்டினேன். இரண்டு, மூன்று, மைனஸ் ஒன்று என்று போட்டுப் பார்த்தோம். 'மைனஸ்' என்றது. மாமியார் வாயில் கை வைத்தார். நான் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"எங்க, எங்க வயசயெல்லாம் போடுங்க மாப்பிள்ள" என்றார் மாமனார் ஆசையாக.

அவருக்கு அறுபத்து நான்கு. மாமியாருக்கு ஐம்பத்தொன்பது. சுமதிக்கு இருபத்தெட்டு, எனக்கு முப்பத்தொன்று, தினேஷுக்கு இருபத்து நான்கு. கடைசியாக அத்தை, முன்நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு, "நாப்பத்தெட்டு" என்றார்.

தட்டினேன். 'மைனஸ்' என்றது.

"இன்னா மாப்பிள்ள, எங்க வூட்டுல யாருக்கு மைனஸு?" என்றார் மாமனார்.

என் புரோகிராமில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. (அலுவலகத்தில் அடுத்தவர் புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்!) தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு சொன்னேன்.

"எல்லாம் சரியான நம்பரா இருந்தா மைனஸ் வரவே வராது மாமா. யாரோ வயசத் தப்பா சொல்லியிருக்கீங்க."

நான்கு தலைகளும் ஒரே சமயத்தில் அத்தை பக்கம் திரும்பின.

மாமியார் இந்த நாளுக்காகவே காத்திருந்தவர் போல ஆரம்பித்தார். "நான் இருவது வயசுல இந்த வூட்டுக்கு வாழ வந்தேன். அப்ப இவ தாவணி போட்டுகினு சுத்திகினு இருந்தா. இவளுக்கு இப்ப நாப்பத்தெட்டுன்னா, அப்ப ஒம்பது வயசு. ஒம்பது வயசுல யாராச்சும் தாவணி போடுவாங்களா?"

"அண்ணி, நீ சும்மா இரு. உனுக்கு இன்னா தெரியும்?"

"எனக்குத் தெரியாது. மெசினுக்குத் தெரியுதே!"

அந்த இடத்திலாவது நான் லேப்டாப்பை மூடி வைத்திருக்கலாம். புது மாப்பிள்ளையின் கெத்து விடவில்லை. "சரியா சொன்னா பிளஸ் வந்துடும் அத்தை" என்று அன்பாக வேறு சொன்னேன்.

அத்தையின் முகம் சிவந்தது. "அம்பத்தாறு! போட்டுக்கங்க! போதுமா?"

போட்டேன். 'பிளஸ்' என்றது.

வீடே கைதட்டியது. அத்தை மட்டும் பாயசம் கூடக் குடிக்காமல், காலித் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் தினேஷ் போன் செய்தான். "மாமா, சார் பெரிய பெரிய நம்பரா போட்டாரு. ஒண்ணுகூட மைனஸ் இல்ல. ஆனா மைனஸ்னு வந்துச்சு. கிளாஸே சிரிக்குது."

லேப்டாப்பைத் திறந்தேன். உட்கார்ந்து பார்த்தேன். பெருக்கி வரும் விடையை வைக்க கம்ப்யூட்டரின் நினைவில் நான் ஒதுக்கிய இடம், சுமார் இருநூற்றுப் பதினான்கு கோடி வரைதான் கொள்ளும். அதைத் தாண்டினால் விடை மைனஸ் பக்கம் போய் விழும். இன்னும் ஏறினால் மறுபடி பிளஸ்ஸுக்கு வரும். அத்தையின் நாற்பத்தெட்டு மைனஸில் விழுந்தது. ஐம்பத்தாறு பிளஸ்ஸில் விழுந்தது. அவர் இருபத்தைந்து என்று கூசாமல் சொல்லியிருந்தாலும் பிளஸ்தான் வந்திருக்கும்! இத்தனைக்கும் அந்தக் கணக்குக்குப் பெருக்கலே வேண்டாம். சைபர் இருந்தால் விடை சைபர். இல்லாவிட்டால் மைனஸ் எண்கள் எத்தனை என்று எண்ணினால் போதும். ஒற்றைப்படை என்றால் மைனஸ், இல்லையென்றால் பிளஸ்.

சுமதி என்னைப் பைக்கில் ஏற்றி, சதுரங்கப்பட்டினத்துக்கு அவளே ஓட்டிக்கொண்டு போனாள். அத்தை கடையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப மெசினுதான் பொய் சொல்லிச்சா?"

"ஆமா அத்தை."

"அந்த மெசின நம்பி நான் நெசத்தச் சொல்லிட்டனே!"

சுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.  அத்தை என் கையில் இருந்த போனைக் காட்டினார்.

"எங்க அண்ணனுக்குப் போடுங்க. மெசினு தப்பு, ரஞ்சிதம் மொதல்ல சொன்னதுதான் ரைட்டுன்னு சொல்லுங்க. அண்ணியும் கேக்கணும்."

சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு தடவை சொன்னேன். அதற்கப்புறம்தான் எனக்கு இட்லி கிடைத்தது.

இது நடந்து ஏழு வருடமாகிறது. எனக்கு முப்பத்தெட்டு ஆகிவிட்டது. அத்தைக்கு நான் சான்றிதழ் கொடுத்த அதே நாற்பத்தெட்டுதான் இன்றும். குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குக் கூடினாலும் மாமனார் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அத்தைக்குக் கேட்கும்படி கணக்குப் போட்டுச் சொல்லிச் சிரிக்கிறார்.

"இன்னும் பதினோரு வருசம் பொறுங்க மாப்பிள்ள. நீங்க அவளுக்கு அண்ணாத்த ஆயிடுவீங்க."