அம்மன் ஏறிய கோல்ஃப் வண்டி

மணவாளன் ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் உறுமிய உறுமலில் பாகூர் ஏரியின் நீர்க்கோழிகள் மொத்தமும் எழும்பி, கடலூர் வரைக்கும் போய் யோசித்துவிட்டுத்தான் திரும்பின. வண்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"அதுக்கு இன்னா கோவம்?" என்றாள் அவர் மனைவி தனக்கொடி, களத்து நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே.

அது பெட்ரோல் கோல்ஃப் வண்டி. மணப்பட்டுக் கடற்கரையில் இழுத்து மூடிய ஒரு விடுதியில், விருந்தாளிகளை அறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோய் விடுவதே அதன் உத்தியோகமாக இருந்தது. மணவாளன் விலைக்கு வாங்கித் தன் ஊரான செலியமேட்டுக்குக் கொண்டுவந்தபோது, முதல் வரப்பைப் பார்த்ததும் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. மணவாளன் விடவில்லை. பட்டறையில் கொடுத்து அதைத் தூக்கிக் கட்டி, பவர் டில்லர் சக்கரம் மாட்டினார். இப்போது அதன் அடியில் ஆடு குனியாமல் போய்வரும். மழை வந்தால் குடும்பத்தோடு தங்கும். ஏறி உட்கார அவருக்கே ஒரு முக்காலி வேண்டியிருந்தது.

உயரம் வந்தது. இழுவை போய்விட்டது.

மாசி மகமோ நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர் தெய்வம் பச்சைவாழியம்மன் அன்றைக்கு மணப்பட்டுக் கடலுக்குத் தீர்த்தவாரி போவாள். அவளைச் சுமக்கும் உரிமை முன்பு மணவாளன் வீட்டு மாட்டுவண்டிக்கு இருந்தது. மாடுகளை விற்றதும் அது தனக்கொடியின் தம்பி ராஜ்மோகனுடைய டிராக்டருக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து மச்சான்தான் பரிவட்டம் கட்டிக்கொண்டு முன்னால் நிற்கிறான். கூட்டம் நெருக்கினால், "மாமா, கொஞ்சம் பின்னால போய் நில்லேன்" என்று மரியாதையாகச் சொல்கிறான். அந்த மரியாதைதான் மணவாளனுக்குத் தாங்கவில்லை. இந்த வருஷம் அம்மன் என் வண்டியில் வருவாள் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்.

ஊரும் சரியென்றது. ஆனால் வழியில் வண்டி ஒரே ஒரு தடவை நின்றாலும் அம்மன் டிராக்டருக்கு மாறிவிடுவாள், அதற்கப்புறம் மணவாளன் வாயைத் திறக்கக்கூடாது. ராஜ்மோகன் இழுவைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடந்து வருவதாக ஒப்புக்கொண்டான்.

"கயிறு கட்டுறதோட சரி மாமா. அந்தப் பொம்ம வண்டிய நான் வெரலால கூட தொட மாட்டேன்" என்றான்.

பாகூர் கடைத்தெருவில் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் பிரிட்டோ வந்து, இருக்கையைத் தூக்கி உள்ளே எட்டிப்பார்த்தான்.

"அண்ணே, இதுவும் ஸ்கூட்டர் மாதிரிதான். எஞ்சின்ல ஒரு கிளட்ச், சக்கரத்துப் பக்கம் ஒரு கிளட்ச், நடுவுல ஒரு பெல்ட்டு. கிளட்ச் பெல்ட்ட இறுக்கிப் புடிச்சாத்தான் வண்டி போவும். நீ கோழிக்கு யானைக் காலு மாட்டி வுட்டுக்கீற. பெல்ட்டு வழுக்குது."

முதலில் முன் கிளட்சில் கெட்டி ஸ்பிரிங் போட்டார்கள். மிதித்தால் எஞ்சின் கத்தியது, இன்னும் கத்தியது, பக்கத்து ஊரில் கைக்குழந்தைகள் விழித்துக்கொண்டன. பிறகு ஒரே பாய்ச்சல். முன்சக்கரங்கள் இரண்டும் வானத்தைப் பார்த்தன. மணவாளன் இறங்கியது வைக்கோல் போரின் உச்சியில். வண்டி இறங்கியது போருக்கு அந்தப் பக்கம். நடுவில் என்ன நடந்தது என்பதை இருவருமே இன்றுவரை சொன்னதில்லை.

சீக்கிரம் பிடிக்கட்டும் என்று ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, கிளட்சுக்குள் எடைக் குண்டுகளைக் கூட்டினான் பிரிட்டோ. இப்போது சாவியைத் திருப்பியதுமே வண்டி புறப்பட்டது. பிரேக்கை மிதித்தால் முனகிக்கொண்டே நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து ராஜ்மோகனின் கரும்புக்குள் நுழைந்து, ஒரு கழி விடாமல் ஒரு தெரு அகலத்துக்குப் படுக்க வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தது. ராஜ்மோகன் வரப்பில் நின்று பார்த்தான். கயிற்றை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றித் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டான்.

குண்டுகளைக் குறைத்ததும் வண்டி பழையபடி வழுக்கியது. இத்தனை தேய்ப்பில் பெல்ட் கண்ணாடியாக மின்னியது. பிரிட்டோ அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டான்.

தனக்கொடிதான் வழி சொன்னாள். "எங்கப்பா ரைஸ் மில்லுல பெல்ட்டு வழுக்குனா குங்கிலியப் பொடி தூவுவாரு. கப்புனு புடிச்சிக்கும்."

"அது தட்டப் பெல்ட்டு அக்கா" என்றான் பிரிட்டோ. "இதுல பிசின் உருகி ஒட்டிக்கிச்சின்னா கிளட்ச் பெல்ட்டயே தூக்கி வெளிய எறிஞ்சிடும்."

ஒரு சிட்டிகை தூவிப் பார்த்தார்கள். வண்டி ஏரிக்கரை மேட்டில் ஓணான் மாதிரி ஏறியது. மணவாளன் கண் கலங்கிவிட்டார்.

மாசி மகத்தன்று விடியலில் அம்மன் பேருக்கு ஏற்றபடி வண்டிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். அது காய்வதற்குள் பூசாரி இருசப்பன் அம்மனை ஏற்றிவிட்டார். சிட்டிகை போதுமா என்று மணவாளனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. யாரும் பார்க்காதபோது குங்கிலியத்தைப் பையோடு கவிழ்த்தார்.

பம்பை முழங்கியது. வண்டி புறப்பட்டது. வேண்டுதல் உள்ளவர்கள் அம்மனைத் தொட முடியாது; அவள் ஏறிய வாகனத்தில் கை வைத்தபடியே கடல் வரைக்கும் நடப்பார்கள். செலியமேட்டில் வேண்டுதல் இல்லாதவர் யார்? வண்டியின் பின்னாலும் பக்கத்திலும் இடம் விடாமல் கைகள்.

ஏரிக்கரை வளைவில் 'டப்' என்று ஒரு சத்தம். பம்பைக்காரர் உற்சாகமாகிவிட்டார் என்று மணவாளன் நினைத்தார். வளைவில் அவித்த வேர்க்கடலை விற்கும் ரோசம்மாள் எதையோ தூக்கிக் காட்டிக் கத்தினாள். வேண்டாம் என்று அவர் கையசைத்தார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அதிசயம். எஞ்சினில் முக்கல் இல்லை, முனகல் இல்லை; பூனை உறங்குவதுபோல் ஒரு மெல்லிய சத்தம். வண்டி குலுங்காமல் தண்ணீரில் படகு போவதுபோலப் போனது. கடலூர் ரோட்டில் நின்ற பஸ்காரர்கள் இறங்கிச் செருப்பைக் கழற்றினார்கள். உள்ளே சைலன்சர் மேல் கொட்டிய குங்கிலியம் சூடேறி, அம்மன் காலடியிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புகை எழுந்தது. யாரும் சாம்பிராணி போடவில்லை. ஆனால் ஊரே மணந்தது.

"தாயே, நீயே போட்டுக்கினியா" என்று இருசப்பன் தூபக்காலைக் கீழே வைத்துவிட்டார்.

மணப்பட்டில் கடைசி மணல்மேடு இருந்தது. வருஷா வருஷம் டிராக்டரே அதில் ஒருமுறை உட்கார்ந்துதான் எழும். மணவாளன் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். பின்னால் "அம்மா" என்று ஒரே குரல் எழுந்தது. வண்டி நிற்கவில்லை. மேட்டில் ஏறியது என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். மிதந்து, உச்சிக்குப் போய், அலை தொடும் இடத்தில் போய் நின்றது. மீனவர்கள் வலையைக் கீழே போட்டுவிட்டு மணலில் விழுந்து கும்பிட்டார்கள்.

மணவாளன் திரும்பிப் பார்த்தார். ராஜ்மோகனின் தோளில் கயிறு இல்லை. எங்கே விழுந்ததென்று அவனுக்கே தெரியாது. இரண்டு உள்ளங்கையும் வண்டியில் பதித்து, வியர்வை சொட்ட, கண்ணீர் வழிய நின்றுகொண்டிருந்தான். தன் பரிவட்டத்தை அவிழ்த்து மாமனுக்குக் கட்டினான்.

"இனிமே உன் வண்டிதான் மாமா."

அவன் உள்ளங்கை பச்சையாக இருந்தது. சுற்றிப் பார்த்தால் ஊரில் எல்லோருடைய கையும் பச்சை. அம்மனே கையில் இறங்கிவிட்டாள் என்று யாரும் கடலில்கூடக் கையை நனைக்கவில்லை. வண்டியின் பின்பக்கத்தில் மருந்துக்கும் பெயிண்ட் இல்லை.

மணவாளன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஸ்பிரிங், குண்டு, குங்கிலியம் மூன்றும் சேரவேண்டிய பக்குவத்தை எடுத்துச் சொன்னார். எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள். பிரிட்டோகூடத் தலையாட்டினான்.

தீர்த்தவாரி முடிந்தது. எல்லோரும் ஒதுங்கி நிற்க, மணவாளன் தனியாக ஏறி மிதித்தார். எஞ்சின் அதே பூனைச் சத்தத்தோடு ஓடியது. வண்டி அசையவில்லை. இன்னும் மிதித்தார். ஒரு விரல்கடைகூட நகரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இடுப்பில் கடலைக் கூடையும் கையில் கறுப்பாக ஒரு வளையமுமாக, மூச்சிரைக்க ரோசம்மாள் வந்து சேர்ந்தாள்.

"தம்பி, இது உன் வண்டி பெல்ட்டுதான? ஏரிக்கர வளைவுலயே வுழுந்துச்சு. அங்கேருந்து கத்திக்கினே வரேன், கடல வேணாம் வேணாம்னு நீ பாட்டுக்கும் கைய ஆட்டிக்கினு போற."