மேனேஜர் வீட்டுப் பூனை தின்ற எலி

பட்டுவின் வாயிலிருந்து ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது. அது பட்டுவின் வால் இல்லை.

“என்னங்க, இங்க வாங்க. உங்க மேனேஜர் வீட்டு மகாராணி எதையோ மெல்லுது,” என்று சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

டெஸ்பாட்ச் ஓடிவருவதற்குள் வாலும் உள்ளே போய்விட்டது. பட்டு உதட்டை நக்கிவிட்டு, அடுத்து என்ன பரிமாறப் போகிறீர்கள் என்பதுபோல அவரைப் பார்த்தது.

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அலுவலகத்தில் பார்சல் அனுப்பும் பிரிவில் இருப்பதால் எல்லோருக்கும் அவர் டெஸ்பாட்ச்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர் அனுப்பும் பார்சல்கள் போய்ச் சேருவதற்கு முன் நாலு ஊரைச் சுற்றிப் பார்க்கும், சிலது பிடித்த ஊரில் குடியேறிவிடும் என்று பொறாமைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அப்படிப்பட்டவரைத்தான் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே பூனைக்கூடையை நீட்டினார்.

“வீட்டம்மா மக வீட்டுக்குப் போயிருக்கா. அவ வர்ற வரைக்கும் இது உன் பொறுப்பு. ரொம்ப யோசிச்சுத்தான் உன்கிட்ட கொடுக்கறேன்.”

“இத்தனை பேர் இருக்கும்போது என்னையா சார்?”

“உன்னை மாதிரி இன்னொருத்தன் இங்க இல்லப்பா. இது மட்டும் நல்லபடியா முடியட்டும், உன் வேலையை நிரந்தரம் பண்ணிடறேன்.”

டெஸ்பாட்ச் கூடையை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். இதுவரை யாரும் அவரை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுத்ததில்லை.

இப்போது அந்த நம்பிக்கையின் வயிற்றில் ஒரு எலி.

பூனையை அள்ளிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினார்.

“என்ன எலி?” என்று கேட்டார் டாக்டர்.

“முன்னப் பின்ன பழக்கமில்லாத எலிங்க.”

“வெளியில திரியற எலிகிட்ட குடல்புழு இருக்கும், உண்ணி இருக்கும், கண்ணுக்குத் தெரியாத கிருமியெல்லாம் இருக்கும். எலின்னு இல்ல, சீக்குப் பிடிச்ச குருவியைத் தின்னாக்கூட காய்ச்சல், பேதி. எலி மருந்து தின்ன எலியாயிருந்தா அதைவிட மோசம். மருந்து பூனையையும் சாய்ச்சிடும், அதுவும் உடனே தெரியாது. சோர்வா இருக்கா?”

“நான் சோர்வாத்தான் இருக்கேன் டாக்டர்.”

“பூனையைக் கேட்டேன். சரி, பூச்சி மாத்திரை கொடுங்க. வயிறு நிறையப் போடுங்க. வெளியே விடாதீங்க.”

மூன்றும் சுலபமான வேலைகளாகத்தான் தெரிந்தன.

மாத்திரையை மீன் துண்டுக்குள் ஒளித்து வைத்தார். பட்டு மீனைத் தின்றுவிட்டு, மாத்திரையைப் பளபளவென்று நக்கி ஓரமாக வைத்தது. அதையே தூளாக்கிப் பாலில் கலந்தார். அந்தப் பாலில் மனைவி காபி போட்டு, வீட்டுக்கு வந்திருந்த தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள்.

“காபி கசக்குதேக்கா,” என்றான் மச்சினன்.

“வயித்துக்கு நல்லது, குடி,” என்றார் டெஸ்பாட்ச்.

அடுத்த மாத்திரை ஒருவழியாகப் பட்டுவின் தொண்டைக்குள் போனது. பதிலுக்கு அவருடைய முன்னங்கை கிழிந்த உறை மாதிரி ஆனது.

பிறகு வீட்டை அடைத்தார். ஜன்னல் இடுக்கு, குளியலறைத் துவாரம், கதவுக்கு அடியில் இருந்த சந்து, எல்லாவற்றிலும் அட்டையை வெட்டி வைத்துப் பார்சல் டேப் ஒட்டினார். ஒட்டும் வேலையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. காற்றுகூட உள்ளே வர யோசித்தது. அதுவரை வந்து போய்க்கொண்டிருந்த எலிகளுக்கும் வெளியே போக வழியில்லை. அவை குடும்பத்தோடு உள்ளேயே தங்கிவிட்டன.

“உங்களுக்கு முன்னாடி அதுங்க பர்மனென்ட் ஆயிடுச்சு,” என்றாள் மனைவி.

வயிறு நிறையப் போட்டால் வேட்டையாடாது என்று வேளாவேளைக்கு மீன் வைத்தார். தின்ற தெம்பில் பட்டு முன்னைவிட உயரமாகத் தாவியது. கழுத்தில் ஒரு மணியைக் கட்டினார். மணிச்சத்தம் கேட்டு எலிகள் மறைவிலிருந்து தலைதெறிக்க ஓடின. பட்டுவுக்குத் தேடும் வேலை மிச்சம்.

இதையெல்லாம் பார்த்த மச்சினனுக்கு அக்கா புருஷன் மேல் இரக்கம் வந்துவிட்டது. டெஸ்பாட்ச் அலுவலகம் போய்த் திரும்புவதற்குள் ஓர் உதவி செய்து முடித்திருந்தான்.

“பூனையை அடக்க முடியலேன்னா எலியை ஒழிச்சிட வேண்டியதுதானே மாமா. மூலைக்கு மூலை எலி மருந்து வெச்சுட்டேன்.”

டெஸ்பாட்ச் சாப்பாட்டுப் பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்கெங்கடா வெச்ச?”

“எனக்கே ஞாபகம் இருக்கற மாதிரி வெச்சா எலி உஷாராயிடாதா மாமா?”

மூவரும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். மருந்துக் கட்டிகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. கடைசியாக அலமாரிக்கு அடியில் கிடைத்த கட்டியில் பாதிதான் இருந்தது. மீதியை யாரோ தின்றிருக்கிறார்கள். அந்த யாரோ இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறார்.

“பூனையைப் பிடி. விட்டா என் வேலை போச்சு, அதோட உயிரும் போச்சு.”

மனைவி பட்டுவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போது சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு எலி, குடித்துவிட்டு வந்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டு வந்தது. பட்டு அவள் தோளில் ஏறிக் குதித்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து டெஸ்பாட்ச் குப்புறப் பாய்ந்தார். அவருடைய மோவாய் தரையில் மோதிய சத்தம் மாடிவரை கேட்டது. ஆனால் மருந்துக் கட்டி பொறுக்குவதற்காகப் பிளாஸ்டிக் பையைச் சுற்றியிருந்த அவர் கையில்தான் எலி இருந்தது.

“அக்கா, மாமா பிடிச்சிட்டாருக்கா.”

“வாயில போட்டுடப் போறார், போய் வாங்குடா,” என்றாள் மனைவி.

அன்றிலிருந்து வீட்டில் வேலைகள் கைமாறின. பட்டு பார்க்குமுன் டெஸ்பாட்ச் எலியைப் பார்த்தார். அது பதுங்குமுன் இவர் பதுங்கினார். சந்துகளில் நுழைந்து நுழைந்து இடுப்பு இளைத்தது. பட்டு சோபாவில் காலை நீட்டிப் படுத்தபடி மேற்பார்வை பார்த்தது. எலிகள் ஒழிந்தன. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, பூனைக்கு ஒரு குறையும் இல்லை, நீங்கள்தான் ஒரு நல்ல டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார்.

வீட்டம்மா திரும்பிவிட்டார் என்று தெரிந்ததும் டெஸ்பாட்ச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கூடையோடு மேனேஜர் வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்த மேனேஜர் கூடையைப் பார்த்தார். உள்ளேயிருந்து ‘மியாவ்’ என்றது. அவர் ஓரடி பின்வாங்கினார்.

“பூச்சி மருந்து கொடுத்து, ரத்தமெல்லாம் பார்த்தாச்சு சார். இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“பத்து வருஷமா?” என்று மேனேஜர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

வீட்டம்மா ஓடிவந்து பட்டுவை வாரி எடுத்து, மேனேஜரின் மடியிலேயே உட்கார வைத்தார்.

“சார், என் வேலை விஷயம்...”

மேனேஜர் தும்மிக்கொண்டே, போ போ என்று கையை ஆட்டினார்.

வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம் டெஸ்பாட்ச் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: “பூனையைப் பார்த்ததும் சாருக்குக் கண்ணே கலங்கிடுச்சுப்பா. அவ்வளவு பாசம்.”

டிரைவர் துணியை உதறிவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“பாசமா? பூனை முடி பட்டாலே மூச்சு முட்டற மனுஷன், எதைக் கொடுத்தாலும் தொலைக்கிற ஆள் யாருன்னு ஆபீஸ் பூரா விசாரிச்சு உங்ககிட்ட கொடுத்தாரு. அதைப் போய் இப்படிப் பத்திரமாக் கொண்டாந்து நிக்கறீங்களே அண்ணே.”