பௌர்ணமியில் யூனிட் விற்கப் போனவன்

இந்தப் பௌர்ணமிக்குள் என் மனைவி சுனந்தாவின் பணத்தை அவளுக்குத் தெரியாமல் விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். பணத்தை எப்படி ஐயா விற்பது என்று கேட்பீர்கள். அதை நான் ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

சுனந்தா தன் பங்குக்கு வந்த வேர்க்கடலை நிலத்தை விற்றாள். மகள் சுருதியின் காலேஜுக்காக அந்தப் பணத்தை பாங்கில் டெபாசிட்டாகப் போடச் சொன்னாள். சரி என்று கிளம்பினேன். பாங்குக்கு முன்னால் ஒரு டீக்கடை. டீக்கடையில் மியூச்சுவல் ஃபண்ட் ஏஜெண்ட் முருகவேல்.

உங்கள் பணம், என் பணம், ஊரில் உள்ளவர்கள் பணம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, விவரம் தெரிந்த ஒருவர் பல கம்பெனிகளின் ஷேர் வாங்குவாராம். போட்ட பணத்துக்கு யூனிட் தருவார்களாம். ஷேர் ஏறினால் யூனிட்டின் விலையும் ஏறுமாம். இறங்கினால் என்று கேட்டேன். அவர் இன்னொரு டீ சொன்னார்.

டெபாசிட்டைவிட ஜாஸ்தியாக வந்தால் வீட்டில் நம் மதிப்பும் ஏறுமே என்று சபலம். டெபாசிட்டுக்குப் பதிலாக ஃபண்டில் போட முடிவு செய்தேன். பணம் அவளுடையது, அதனால் எல்லாம் அவள் பெயரில், அவள் போன் நம்பரில். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். டெபாசிட் என்று நம்பிவிட்டாள் என்று நான் நம்பினேன்.

கொஞ்ச நாளில் விலை இறங்க ஆரம்பித்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் எனக்குக் கணக்கு வேலை. ரூம் வேண்டும் என்று வந்தவரிடம், "இப்ப வேணாம் சார், இன்னும் இறங்கும்" என்றேன். முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இந்த லட்சணத்தில், பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மச்சான் மகாவீர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்றாள் சுனந்தா. டெபாசிட் ரசீதை எடுத்து வைக்கவும் சொன்னாள்.

யூனிட்டை விற்றுவிடலாம். குறைகிற தொகைக்கு நான் வண்டி வாங்கச் சேர்த்ததைப் போட்டு நிஜமாகவே டெபாசிட் ஆக்கிவிடலாம். ஒரே சிக்கல், விற்பதற்கான ரகசிய எண் அவள் போனுக்குத்தான் வரும். அதற்குத்தான் பௌர்ணமி. அன்றைக்கு அடி அண்ணாமலையில் உள்ள அவள் மோர்க்கடையில் கிரிவலக் கூட்டம் அலைமோதும். மெசேஜை நின்று படிக்க நேரம் இருக்காது.

மூன்று மணிக்குள் விற்றால்தான் அன்றைய விலை. லாட்ஜ் கம்ப்யூட்டரில், ஃபண்டின் வெப்சைட்டில் விற்பதற்குக் கொடுத்துவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"ஒரு பார்சல் வருது. உன் போனுக்கு நம்பர் வரும். அதை மட்டும் சொல்லு, மத்ததைப் படிக்காத."

"படிச்சா என்னாங்க?"

"கண்ணு வலிக்கும்."

"நாலு, ஏழு, ரெண்டு... இருங்க, மோரு எத்தினி? சில்லறையா குடுங்க சாமி... ஒண்ணு, ஒண்ணு, ஆறு."

போட்டேன். தவறான எண் என்றது. டவர் மேல்தான் சந்தேகம் வந்தது. பௌர்ணமியன்று எங்கள் ஊரில் லட்சக்கணக்கில் ஜனம். 'கிளம்பிட்டேன்' என்ற மெசேஜ் ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் வரும். பழைய எண் தாமதமாக வந்திருக்கும் என்று மறுபடி கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள். தவறு. மறுபடி கேட்டேன். மறுபடி தவறு. நாளை முயலவும் என்று கதவைச் சாத்திக்கொண்டது. மணியும் மூன்றைத் தாண்டியது.

இனி ஒளிக்க முடியாது என்று கிளம்பினேன். மலை சுற்றும் பாதையில் வண்டி எதுவும் விடவில்லை. ரமணாசிரமம் தாண்டிக் கும்பலோடு கும்பலாக நடந்தேன். பக்கத்தில் வந்த அம்மாள் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன கஷ்டமோ என்று ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

கடைக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. நாங்கள் ஜைனர்கள். இருட்டினால் சாப்பிட மாட்டோம்.

"பொழுது சாயுது. முதல்ல சாப்பிடுங்க" என்று டப்பாவை நீட்டினாள்.

தயிர்சாதத்தில் ஒரு வாய் சாப்பிட்டேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது அவள் அப்பா உழுத நிலம்.

"தெரியும்" என்றாள், மோர் ஊற்றிக்கொண்டே.

"எப்போலேர்ந்து?"

"போட்ட அன்னிக்கே மெசேஜ் வந்துச்சே. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"அப்ப இன்னிக்கு நீ சொன்ன நம்பரு?"

"ஒவ்வொரு வாட்டியும் கடைசி நம்பரை மாத்திச் சொன்னேன். சுருதி காலேஜுக்கு இன்னும் வருஷக்கணக்கா இருக்கு. கம்மியா இருக்கும்போது யாராவது விப்பாங்களா?"

மச்சான் வருகிறாரே என்று இழுத்தேன். அவர் வரவே இல்லையாம். நானாக எப்போது வாயைத் திறப்பேன் என்று பார்க்க இவள் சும்மா விட்ட புரளியாம்.

அவமானமாக இருந்தாலும், நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. இத்தனை நாளில் முதல் முறையாகச் சாதம் ருசித்தது. இரண்டாவது டப்பாவையும் திறந்தேன்.

"கம்மியா இருக்கும்போது வாங்கணும்னு முருகவேல் சொன்னாரு" என்றாள். "மத்தியானமே இன்னும் கொஞ்சம் வாங்கிட்டேன்."

"எந்தப் பணத்துல?"

"உங்க வண்டிப் பணத்துலதான். பாங்குலேர்ந்து மெசேஜ் வரலியா? டவர்ல கூட்டமா இருக்கும்."

வண்டிப் பணம் இருந்த என் சம்பளக் கணக்கு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஆசையாக நானே அவளைச் சேர்த்தது. சோற்றை மென்று முழுங்கிவிட்டு, என் பணத்தில் வாங்கிய யூனிட்டை மட்டுமாவது விற்கலாமா என்று பணிவாகக் கேட்டேன்.

"தாராளமா வித்துக்குங்க" என்றாள். "நம்பர் என் போனுக்குத்தான் வரும். கேளுங்க, சொல்றேன்."